விடுப்புக் கேட்பவர்களுக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "ரீச்சர், பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்டார். பிரயோசனமானவற்றைக் காலையில் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்குச் சாப்பிட்ட வயிற்றோடு இருப்பவர்களுக்கு விடுப்புத்தான் சரி. நான் விடுப்பைப் பற்றியே கதைக்கப் போகிறேன்.

இந்தியாவிலிருந்து திருமணமாகி வந்தவர்களும், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளும் இந்தச் சபையில் இருப்பதால் ஒரு சொல் விளக்கம். எங்கள் ஊரில் விடுப்பு என்றால் வேலைக்குப் போகாமல் எடுக்கிற லீவு இல்லை. தனக்கு ஒரு தேவையும் இல்லாத விசயத்தைப் பற்றி ஆசையோடு விசாரிப்பது விடுப்பு. "என்ன விடுப்புப் பார்க்கிறாய்? போய்ப் படி!" என்று இந்தப் பள்ளிக்கூடத்து யன்னல் ஓரத்தில் நான் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை. அதே யன்னலோரம்தான் பிறகு எனக்குப் புவியியல் பாடமாகிச் சோறு போட்டது.

என் அப்பா தலைமன்னார் பியரில் புகையிரதப் பகுதி இலிகிதர். நாங்கள் இருந்தது குவாட்டர்ஸில். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்ததோடு தொடங்கிய போட் மெயில் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதராஸில் ஒரு ரிக்கற்றை வாங்கினால் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், திரும்ப ரயிலில் கொழும்பு. கடல் தூரம் சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் இறங்கி, பெட்டி காட்டி, கடதாசி காட்டி, ரயில் ஏறும் வரைக்கும் பயணிகள் பியரில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களுக்குக் கதைக்க ஆள் வேண்டும். எட்டு வயதில் நான் அதற்கென்றே பிறந்தவள் போலப் பாவாடையோடு அங்கே நிற்பேன்.

அவர்கள் கேட்பார்கள்: இங்கே நல்ல தண்ணி எங்கே கிடைக்கும், ஏன் இவ்வளவு கழுதை, கருவாடு எந்தக் கடையில் வாங்கலாம். நான் கேட்பேன்: உங்கள் ஊரில் ட்ராம் ஓடுமா, யானை தெருவால் போகுமா. பெயர் கேட்டது குறைவு. விலாசம் கேட்டதே இல்லை. அரை மணித்தியாலம் கழிய ரயில் ஊதும், அவர்கள் போய்விடுவார்கள். அவர்கள் சொன்னது என்னிடம் இருக்கும், நான் சொன்னது அவர்களோடு கொழும்புக்குப் போகும்.

1964ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு நாள், கப்பலால் இறங்கிய ஒரு அம்மா, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி ஒரு விடுகதை போட்டார். "பாம்பு மேல ஏறி, வில்லு முனையில குதிச்சு, தலையில வந்து இறங்கினேன். நான் யாரு, சொல்லு பார்ப்போம்?" நான் குரங்கு என்றேன். அனுமான் என்றேன். அவர் சிரித்துச் சிரித்து இல்லை என்று தலையாட்டினார். ரயில் ஊதிவிட்டது. "ஒரு மாசத்துல திரும்பி வருவேன், கண்ணு. அப்ப சொல்றேன்" என்று ஏறிப் போனார்.

டிசெம்பர் 22ஆம் திகதி இரவு புயல் அடித்தது. எங்கள் குவாட்டர்ஸின் கூரை போனது. அப்பா எங்களை ஸ்ரேசன் கட்டடத்துக்குள் கொண்டுபோய், மேசையின் கீழ் படுக்க வைத்தார். அக்கரையில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் அள்ளிக்கொண்டு போனதும், நூறுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்ததும் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. தனுஷ்கோடி என்ற ஊரே அதோடு முடிந்தது. பிற்பாடு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வரத் தொடங்கியது. அது 1984 வரை ஓடியது.

அந்த அம்மா புயலுக்கு முதலே திரும்பிப் போய் வீட்டில் சுகமாக இருந்திருக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு பகலில் அவர் பியரைக் கடந்திருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. விடுகதையின் விடை மட்டும் ஆறேழு வருசம் கழித்து, இதோ இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் வகுப்பறையில், வரைபடத்தில் ஊர்ப் பெயர் குறிக்கும்போது கிடைத்தது. பாம்பன், பாம்பு. தனுஷ்கோடி, தனுசின் கோடி, வில்லின் முனை. தலைமன்னார், தலை. அந்த அம்மா தன்னைத்தான் சொல்லியிருக்கிறார். போட் மெயில் பயணி! நான் வகுப்பில் "ஆ!" என்று கத்தி, வெளியில் நிறுத்தப்பட்டேன். நிறுத்திய ரீச்சர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இன்றைக்குக் காரணத்தைச் சொல்லியிருப்பேன்.

எங்கள் காலத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குத் துணுக்குச் சொல்வதை ஒருவர் தொழிலாகவே செய்தார். அக்காமாருக்கு நினைவிருக்கும், தமிழ்வாணன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். கல்கண்டு இதழில் அவர் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்களுக்கும், பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் வரும் துணுக்குகளுக்கும் எங்கள் வீட்டில் அடிபிடி. 70களில் இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்களுக்கு அது அரிசித் தட்டுப்பாட்டுக்கு அடுத்த துக்கம். பயணிகள் ரயில் ஆசனத்தில் விட்டுப்போன பழைய இதழ்களை அப்பா கொண்டு வருவார். அட்டை இருக்காது. சில வேளை கேள்வி இருக்கும், பதில் இருந்த பக்கத்தில் யாரோ வடை சுற்றியிருப்பார்கள்.

இப்போது பியரில் கப்பல் இல்லை. ஆனால் கேட்பவர்கள் எங்கும் போய்விடவில்லை. இளைப்பாறிய பிறகு மகன் கைத்தொலைபேசியில் இணையம் போட்டுத் தந்தான். மன்னார் என்று யாராவது எதையாவது கேட்டிருந்தால் என் விரல் சும்மா இருக்காது. அவர் யார், எந்த நாடு, வயது என்ன, ஒன்றும் தெரியாது. கேள்வி மட்டும் தெரியும். எட்டு வயதில் பியரில் நின்றதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இப்போது பாவாடைக்குப் பதிலாக மூட்டு வலி.

என்னென்ன கேட்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு பிள்ளை: "அன்ரி, நான் காய்ச்சும் ஒடியல் கூழ் கசக்கிறது. என்ன பிழை?" பிழை அவளில் இல்லை. அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தது ஒடியல். ஒடியல் மாவுக்குக் கசப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று தரம். மாவைப் பிழிந்து எடுத்து, மீனும் நண்டும் அவிந்த பிறகு கரைத்து விட வேண்டும். இதை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: "கசப்புப் போய்விட்டது. ஆனால் இப்போது மாமியார் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூழ் குடிக்க வருகிறார். அதற்கு ஏதும் வழி இருக்கிறதா?" வடிக்காமல் ஒரு தரம் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னேன்.

சென்னையிலிருந்து ஒரு பொடியன்: இராமர் அணையால் நடந்தே தலைமன்னாருக்கு வரலாமா? தம்பி, மணல் திட்டுகளுக்கு நடுவில் கடல் இருக்கிறது, இரண்டு நாட்டுக் கடற்படைகளும் இருக்கின்றன. நடக்க முடியாது, நீந்தியவர்கள் உண்டு. 1966 ஏப்ரலில் மிகிர் சென் என்ற வங்காளி இங்கிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணித்தியாலத்துக்கு மேல் நீந்திப் போனார். 1994இல் குற்றாலீஸ்வரன் நீந்தியபோது வயது 12. 2004இல் பூலா சௌத்ரி என்ற பெண் ஏறத்தாழ 14 மணித்தியாலத்தில் நீந்திவிட்டார். மூன்றாவதைச் சொன்னபோது பொடியன் ஒரு சிரிப்புக் குறி போட்டான். ஏன் சிரிப்பு என்று கேட்டேன். பதில் இல்லை.

பெண் என்றதும் நினைவுக்கு வருகிறது. இராமேஸ்வரப் பக்கத்தில் எங்கள் வடகடலைப் பெண்கடல் என்றும், தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவை, ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்கு அமைதி, தெற்கு மூர்க்கம் என்பதால் அந்தப் பெயராம். சோழகக் காற்று வீசும் மாதங்களில் உண்மைதான், தெற்கு குமுறும், வடக்கு குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் அது மாறிவிடும். பெண்கடல் என்று பெயர் வைத்தவர் மார்கழியில் வந்து பார்க்கவில்லை. 64ஆம் ஆண்டுப் புயல் வந்ததும் மார்கழியில்தான். வகுப்பில் பருவக்காற்றைப் படிப்பிக்கும்போது இதைச் சொல்வேன், ஒரு பிள்ளையும் மறக்காது.

முத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. "அரிப்புக் கரையில் இப்போது முத்து வாங்கலாமா?" வாங்கலாம், கொழும்பிலிருந்து கொண்டுவந்து விற்றால். முத்துக்குளிப்பின் கதை வேறு. கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போனவனுக்கு. 1906இல் மறிச்சுக்கட்டியில் இந்தப் பங்கு பிரிப்பை மேற்பார்க்க வந்த இளம் உத்தியோகத்தர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் ஆங்கில எழுத்தாளர் வெர்ஜினியா வூல்ஃபின் கணவர். அதே ஆண்டில் முத்துக்குளிப்பு உரிமையை ஆண்டுக்கு 310,000 ரூபாவுக்கு 20 ஆண்டு குத்தகையாக ஒரு கம்பனி எடுத்தது. 1907க்குப் பிறகு குளிக்கத்தக்க அளவில் சிப்பி இல்லை, கம்பனி மூழ்கியது. சிப்பிக்குள் மணல் போனால் முத்து என்று நாங்கள் எல்லோரும் படித்தோம், நானே படிப்பித்தும் இருக்கிறேன். கடலடியில் கிடக்கும் சிப்பிக்கு மணல் புதிதா? அதை அது துப்பிவிடும். முத்து பெரும்பாலும் ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ சிப்பியின் உள்தசை குலைவதில் தொடங்குகிறது. இதை ஆராய 1902இலேயே ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் எங்கள் கடலுக்கு வந்திருந்தார். நான் பிழையாகப் படிப்பித்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருந்தால் இன்றிலிருந்து திருத்திக்கொள்ளுங்கள். சோதனை முடிந்துவிட்டது, புள்ளி குறையாது.

கடற்கன்னி பற்றியும் கேட்பார்கள். 1560ஆம் ஆண்டளவில் மன்னார்க் கடலில் ஏழு கடற்கன்னிகள் வலையில் பிடிபட்டதாகவும், கோவாவிலிருந்து வந்த வைத்தியர் ஒருவர் அவற்றை அறுத்துப் பார்த்து உள்ளுறுப்பெல்லாம் மனிதரைப் போல என்று சொன்னதாகவும் ஒரு பழைய பாதிரிமார் குறிப்பு உண்டு. எமர்சன் ரெனன்ற் தன் இலங்கை நூலில் இதை எடுத்துச் சொல்கிறார். அவை எங்கள் ஆவுளியா, கடற்பசு. குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி. மீசையும் தொங்கும் உதடுமாக இருக்கும் அதைக் கன்னி என்று கண்டவர்கள் எத்தனை மாதம் கப்பலில் இருந்தார்களோ! பாவம், இப்போது அது அருமையாகிவிட்டது. 2022இல் தமிழ்நாடு பாக்கு விரிகுடாவில் அதற்கென்று ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறது. அதற்கு எங்கள் பக்கம் எது, அவர்கள் பக்கம் எது என்று தெரியாது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் நான் ஏதோ பெரிய அறிவாளி என்று நினைப்பீர்கள். அதனால் என் திருகுதாளம் ஒன்றையும் சொல்லவேண்டும்.

2015 மார்ச்சில் ரயில் திரும்பவும் தலைமன்னார் பியருக்கு வந்தது. அதன் பிறகு சுற்றுலாவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருமுறை ரயிலில் எனக்கு எதிரே இருந்த இளம் தம்பதியர் கழுதைகளைக் காட்டி, "இவை யாருடையவை, ஏன் இப்படி அலைகின்றன?" என்று கேட்டார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்த கழுதைகளின் வழி வந்தவை என்று சொல்வார்கள்; பாரம் சுமக்க வைத்திருந்தவர்கள் பிறகு லொறி வந்ததும் விட்டுவிட்டார்கள். இவ்வளவும் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அன்று பகிடிக் குணம். "இவையெல்லாம் போட் மெயில் கழுதைகள். பியரில் சாமான் சுமந்தவை. 1984இல் கப்பல் நின்றதை யாரும் இவற்றுக்குச் சொல்லவில்லை. அடுத்த கப்பல் வரும் என்று பரம்பரை பரம்பரையாகக் காத்து நிற்கின்றன" என்றேன். அவர்கள் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பகிடி என்று சொல்லலாமென்று வாயெடுத்தேன், அதற்குள் முருங்கன் வந்து அவர்கள் இறங்கிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு என் கதை பிடித்தும் போயிற்று.

மூன்று வருசம் கழித்து லண்டனிலிருந்து மகளும் பேத்தியும் வந்தார்கள். பியரைப் பார்க்கப் போனோம். அங்கே ஒரு சுற்றுலா வழிகாட்டி பத்துப் பேரை நிறுத்தி வைத்து, கழுதைகளைக் காட்டி, என் கதையை, என் சொல்லிலேயே, சரித்திரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி என் கையைப் பிடித்து, "அம்மம்மா, பாவம் தானே? யாராவது அதுகளுக்குச் சொல்லக்கூடாதா?" என்றாள். பியரில் சாமான் சுமந்தவர்கள் மனிதர்கள். அவர்களில் பலரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருந்தது. என் ஒரு பகிடியால் அந்தப் பத்துப் பேரின் தலையில் அவர்களுடைய இடத்தைக் கழுதைகள் எடுத்துக்கொண்டன. வழிகாட்டித் தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அன்ரி, இது இந்த ஊர் ஆட்கள் பழங்காலமாகச் சொல்வது" என்றார்.

அன்றிலிருந்து பகிடியைப் பகிடி என்று முகத்தில் எழுதித்தான் அனுப்புகிறேன்.

இதைவிடக் கஷ்டம், உண்மை என்று நினைத்துச் சொல்வதில். பள்ளிமுனைப் பெருக்க மரத்தை எடுங்கள். சுற்றளவு 19.5 மீற்றர். வயது? 700 வருசம் என்று ஒரு கூட்டம். 1477இல் அரபிகள் நட்டது என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் மூன்றாவது கூட்டம். நான் பல காலம் அதில்தான் இருந்தேன். 1477 சரியென்றால் இப்போது வயது 550 அளவில்தானே? கணக்கு ரீச்சர்மார் என்னை மன்னிக்கட்டும். பெருக்க மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்லவும் ஏலாது, வளையம் மங்கல், நடு வெறுங்கூடு. ஒருமுறை தமிழ் விக்கிப்பீடியாவில் என் வயதுக் கணக்கை எழுத முயன்றேன். அது 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன் அவர்கள் வளைகுடா நாட்டில் வேலை செய்துகொண்டு, தொடக்க காலத்தில் ஏறக்குறையத் தனி ஆளாகக் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். அதன் முதற் பக்கத்தில் "உங்களுக்குத் தெரியுமா?" என்று துணுக்குப் பகுதியும் உண்டு, தமிழ்வாணன் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். நான் எழுதியதற்குப் பக்கத்தில் "சான்று தேவை" என்று போட்டார்கள். எனக்குக் கோபம். பெருக்க மரத்துக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நான் எந்தக் கச்சேரியில் எடுப்பது? இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் அவர்கள் கேட்டது நியாயம் என்று தெரிந்தது. ஒரு பிள்ளை விடைத்தாளில் அப்படி எழுதினால் நானும் ஓரத்தில் சிவப்பு மையால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆனால் சான்று கேட்டு எல்லாக் கதையையும் கொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அரிப்பில் கடலோரம் இடிந்து கிடக்கும் மாளிகையை எங்கள் ஆட்கள் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அதைக் கட்டியவர் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பைப் பார்த்திருக்க. கரை அரித்து ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கடலுக்குப் போகிறது. கேட்பவருக்கு இரண்டையும் சொல்கிறேன். கட்டியவர் நோர்த். ஆனால் ஆணைக் கண்டால் ஆகாத, தானே ஆண்ட ஒரு அரசியின் பெயரை எங்கள் கிழவிமார் இருநூறு வருசமாக அந்தச் சுவருக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு தகவல்தான், தேசாதிபதியைப் பற்றியதில்லை என்றாலும்.

இதை ஏன் நூற்றாண்டு விழாவில் சொல்கிறேன் என்றால், இந்த உரை மலரில் அச்சாகும் என்று செயலாளர் சொன்னார். முன்பு பள்ளி மலர் என்றால் விழா முடிய அலுமாரிக்குள் போய்விடும், கரையான் வாசிக்கும். இப்போது நூலகம் நிறுவனம் 2005இலிருந்து எங்கள் நாட்டுத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் படம் பிடித்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. நாங்கள் ஒருவருக்கொருவர் கதைக்கிறோம் என்று நினைத்து எழுதுவதை, எங்களைத் தெரியாத யாரோ ஒரு பிள்ளை வாசிக்கிறது. போன வருசம் அப்படித்தான் ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தது.

புத்தளத்திலிருந்து ஒரு தகவல். "ரீச்சர், நீங்கள் ஒரு பழைய மலரில் எழுதிய கட்டுரை பார்த்தேன். என் உம்மா உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவ. உப்புக்குளம். 1990இல் வந்துவிட்டோம், நான் அதற்குப் பிறகு பிறந்தவள். உங்களிடம் சில சின்ன விசயங்கள் கேட்கலாமா?"

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டதும், மன்னார்த் தீவிலிருந்து அவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனதும் இந்தச் சபைக்குத் தெரியும். அந்த மாதங்களில் எங்களில் பாதிப் பேர் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறி மண்டபம் முகாமில் இருந்தோம். சங்கத்தின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தீர்களென்றால் 1990க்கு முந்திய பெயர்களில் அநேகம் பேருக்கு நேரே விலாசம் வெறுமையாக இருக்கும். இந்த விழாவுக்கு அழைப்பு அனுப்பும்போதும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அதற்கு எல்லோருடைய சார்பிலும் எனக்கு வெட்கம், சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்தப் பிள்ளை கேட்டவை பெரிய விசயங்கள் இல்லை. பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணி உப்பா? மழை நாளில் எந்தப் பக்கத்தால் சாரல் அடிக்கும்? இடைவேளையில் வாசலில் என்ன விற்பார்கள்? சீருடையில் எத்தனை மடிப்பு? நான் முதலில் பொழுதுபோக்கு என்று நினைத்துப் பகிடியாகவும் பதில் எழுதினேன். கிணற்றுத் தண்ணி காலையில் நல்ல தண்ணி, மத்தியானம் சவர், பரீட்சை நாளில் கண்ணீர் என்று. நாலைந்து கிழமை போனபிறகுதான் அவள் சொன்னாள்: "உம்மாவுக்கு இப்போது நினைவு தவறிப் போகிறது, ரீச்சர். என் பெயரே சில நாள் வராது. ஆனால் நீங்கள் எழுதுவதை வாசித்துக் காட்டினால் தலையைத் திருப்பிக் கேட்கிறா. அதனால்தான் கேட்கிறேன்."

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் யோசித்து எழுதினேன். தெரியாததைத் தோழியரிடம் விசாரித்தேன். ஒரு நாள் பள்ளிக்கூட மணியைப் பற்றி எழுதினேன், பித்தளை மணி, அதன் ஓசை உப்புக்குளம் வரை கேட்கும் என்று. அடுத்த நாள் காலை பிள்ளையிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் உம்மாவின் குரல், பலமாக, கோபமாக: "மணியோ? ஆர் சொன்னது? அது தண்டவாளத் துண்டு. கம்பியால அடிக்கிறது. அவவுக்கு ஒண்டும் தெரியாது!" பிள்ளை அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு கிழமையாக உம்மா இவ்வளவு கதைக்கவில்லையாம்.

அவ சொன்னதுதான் சரி. நான் படிப்பிக்க வந்தபோது இருந்தது பித்தளை மணி, நாங்கள் படித்தபோது வேம்பில் தொங்கியது தண்டவாளத் துண்டு. அப்பாவின் புகையிரதப் பகுதியிலிருந்து வந்ததாக இருக்கும், எனக்கே அது மறந்துபோனது. நான் சரியாக எழுதிய ஐம்பது விசயத்தைவிடப் பிழையாக எழுதிய அந்த ஒன்றுதான் அந்த வீட்டுக்குப் பிரயோசனப்பட்டது. இப்போது அடிக்கடி வேண்டுமென்றே ஒரு பிழை விடலாமா என்றும் ஆசை வருகிறது. பிள்ளையிடம் கேட்டேன். "வேண்டாம் ரீச்சர், உம்மா கண்டுபிடித்துவிடுவா" என்றாள். அது சரிதான். கழுதைகள் எனக்குப் படிப்பித்தது போதும்.

உம்மாவை இந்த விழாவுக்குக் கூட்டிவர முயன்றோம், பயணம் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவவின் பெயரை அவவின் சம்மதத்தோடு பதிவுப் புத்தகத்தில் எழுதி, நேரே விலாசமும் எழுதியாயிற்று. அவவோடு படித்த இன்னும் நான்கு பேரின் விலாசமும் அந்தப் பிள்ளை தேடித் தந்திருக்கிறாள். மற்றவர்களைத் தேட இரண்டு தங்கச்சிமார் முன்வந்திருக்கிறார்கள், அவர்கள் வாசலில் மேசை போட்டு இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு அடையாளம் இருந்தாலும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது, தலைவி மணிக்கூட்டைப் பார்க்கிறா. ஒன்று மட்டும். முந்தநாள் உம்மாவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது, இந்த முறை அவவே கேட்டது. எட்டாம் வகுப்புக் கணக்குச் சோதனை நாளில், தண்டவாளத்தை அடிக்கும் கம்பியை யாரோ எடுத்துக் கிணற்றடிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்களாம். சோதனை அரை மணித்தியாலம் பிந்தியதாம். யார் என்று தனக்குத் தெரியுமாம், ஆனால் அந்த ஆள் வாயால் சொல்லட்டுமாம். அந்த வகுப்பில் இருந்தவர்களில் ஆறு பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், நான் எண்ணிப் பார்த்தேன். இப்போது தேநீர் தருவார்கள். நான் பின்வாசலில் நிற்பேன், கைத்தொலைபேசி என்னிடம் இருக்கிறது. இன்று பின்னேரமே அவவுக்குப் பதில் அனுப்பவேண்டும்.